அணைக் கதவு

எங்கள் தென்னந்தோட்டத்துக்கும் சிலாங்கூர் ஆற்றுக்கும் நடுவே ஒரு மண் அணை, அதில் ஒரு பலகைக் கதவு. கடல் பக்கம் என்பதால் ஆறு தினமும் ஏறும், வற்றும். ஏறும்போது கதவை மூடாவிட்டால் உப்புத் தண்ணீர் உள்ளே வந்துவிடும். வற்றும்போது தூக்கிவிடாவிட்டால் மழைத் தண்ணீர் வெளியேறாமல், நாங்கள் வரிசையாகக் குடியிருந்த லயமே முழுகிப்போகும். அந்த வேலை என் வீட்டுக்காரருடையது. கதவுக்கு உள்பக்கம் தேங்கிய தண்ணீர் ஏரி மாதிரி கிடக்கும். ஞாயிற்றுக்கிழமையானால் தோட்டமே அங்கேதான். குளியல், தூண்டில், கும்மாளம். மனுஷனுக்கு அந்தக் கதவின்மேல் இருந்த பாசத்தில் பாதியாவது என்மேல் இருந்ததா என்பது சந்தேகம்தான்.

கம்யூனிஸ்டுக்காரர்களை ஒடுக்க வெள்ளைக்காரன் அவசரகாலம் போட்டபோது லயத்தைச் சுற்றி முள்கம்பி வேலி போட்டார்கள். ஆடுமாடு மாதிரி எங்களை உள்ளே அடைத்து, ஒரே ஒரு வாசல் வைத்து, அதற்கும் ஒரு பூட்டு.

அடைமழை விடாத ஒரு காலையில், ஆறு ஏறுகிறதென்று அவர் கதவை மூடப் போனார். கொஞ்ச நேரத்தில், பக்கத்துத் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியைக் கம்யூனிஸ்டுக்காரர்கள் சுட்டுவிட்டார்கள் என்று சேதி. நாள் முழுக்க ஊரடங்கு. வெளியே ஆளைக் கண்டால் பட்டாளம் சுடும். வாசலைப் பூட்டிய காவல்காரனும் தமிழன்தான், பாவி!

"ஐயா, எங்க வீட்டுக்காரு அணையில நிக்கிறாருங்க. ஓடிப்போய்க் கூட்டியாந்துர்றேன்."

"தொறந்தா என் வேல போயிரும்லா. உள்ள போம்மா."

மத்தியானத்துக்குள், லயத்திலிருந்து அணைக்குப் போகும் வாய்க்கால் மழையில் நிரம்பி அடுப்புக்குள் தண்ணீர் வந்துவிட்டது. பிள்ளையின் தொட்டிலை உயரத் தூக்கிக் கட்டினேன். அவர் இருக்கிறாரா போய்விட்டாரா என்று யாருக்கும் தெரியவில்லை.

பிறகு தண்ணீர் மெல்ல இறங்கியது.

"கதவத் தொறந்துட்டான்! ஒம் புருசன் உசுரோட இருக்கான் தாயி!" என்று எங்களை வேலை வாங்கும் மண்டோர் கத்தினார். வேலிக்கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதேன், சிரித்தேன்.

சாயங்காலம் வாய்க்கால் ஓட்டம் நின்றது. அப்புறம் லயத்தை நோக்கித் திரும்பி ஓடி வந்தது. ஒரு கை அள்ளி வாயில் வைத்தேன். உப்பு. ஆறு ஏறுகிறது, கதவு திறந்தே கிடக்கிறது.

"கண்ணசந்திருப்பாருக்கா," என்றாள் பக்கத்து வீட்டுக்காரி.

அவரா? கதவைத் திறந்துபோட்டுவிட்டுத் தூங்குகிற ஆளா அவர்? வாசலைப் பிடித்து உலுக்கினேன். காவல்காரன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். இப்போது கடல் தண்ணீர் வீட்டுக்குள் ஏறியது. முழங்கால் தண்ணீரில் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றேன்.

ஊரடங்கில் வெளியே நின்றவர் என்று பட்டாளம் அவரை லோரியில் ஏற்றிப்போன சேதி மறுநாள்தான் வந்தது. பல மாதம் கழித்துத்தான் வெளியே விட்டார்கள். எலும்பும் தோலுமாக வாசலில் நின்றவர், என்னை நலம்கூட விசாரிக்கவில்லை.

"அன்னிக்குக் கதவ யாருடி மூடுனா?"

எனக்கு வந்ததே ஆத்திரம்! "எவன் மூடுவான்? எங்களத்தான் உள்ள போட்டுப் பூட்டிட்டானுங்களே! வந்ததும் வராததுமா கதவாம் கதவு!"

அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"கையக் கட்டிட்டானுங்க. வீட்டுல புள்ள இருக்கு, மூடிட்டு வந்துர்றேன்னு கால்ல விழுந்து கேட்டேன். விடலடி."