செல்லமுத்து அண்ணனின் மூன்று மௌஸ்கள்

செல்லமுத்து அண்ணன் காலமான செய்தி வந்தபோது, நான் அவருடைய மேசையில் தூசி துடைத்துக்கொண்டிருந்தேன். அழைத்தவர் அவருடைய மனைவி. "தூக்கத்துலயே போயிட்டாருங்க. சிரமப்படல," என்றார். அண்ணனின் திரையில், முந்தின மாலை அவர் பாதியில் விட்டுப்போன முந்தானை மயில் நின்றது. அதற்கு இன்னும் தோகை வரையவில்லை.

குமாரபாளையத்தில் சேலைக்குக் கம்ப்யூட்டரில் டிசைன் போடும் கடை எங்களுடையது. இருபத்திரண்டு ஆண்டுகள் நாங்கள் பக்கத்துப் பக்கத்து மேசைக்காரர்கள். மௌஸை அவரளவுக்கு மதித்த மனிதரை நான் பார்த்ததில்லை.

நான் சேர்ந்த வாரமே என் திரையில் அம்பு திக்கித் திக்கி நகர்ந்தது. எனக்குத்தான் வேலை வரவில்லை என்று அழுகை முட்டியது. அண்ணன் என் மௌஸைக் கவிழ்த்து, அடிமூடியைத் திருகி, உள்ளே இருந்த ரப்பர் உருண்டையை எடுத்தார். அந்த உருண்டை உரசிச் சுழற்றும் இரண்டு சின்ன உருளைகளிலும் பஞ்சு சுற்றியிருந்தது. ஒன்று குறுக்கே போவதைச் சொல்லுமாம், மற்றது நெடுக்கே போவதை. "சுத்திலும் தறி ஓடுற ஊருங்க அம்மிணி. இதுவும் நூல் சுத்தப் பழகிருச்சு," என்றார். அதன்பின் திங்கட்கிழமைதோறும் கடையில் உருண்டைகளுக்குக் குளியல் நடந்தது.

பிறகு அடியில் சிவப்பு வெளிச்சம் எரியும் மௌஸ் வந்தது. அந்த ஆண்டு ஆயுத பூஜைக்குப் பொட்டு வைத்தது நான். வேலை செய்யும் இடம் அடிப்பக்கம்தானே என்று, வெளிச்சம் வரும் ஓட்டையிலேயே தாராளமாகச் சந்தனம் அப்பினேன். பூஜை முடிந்து மறுபடி கடை திறந்தால், கடையிலிருந்த நான்கு மௌஸும் வேலை செய்யவில்லை. முதலாளி முறைத்தார். அண்ணன் துடைத்தபடியே, "உள்ள இருக்கறது சின்னக் கேமராங்க. மேசையைப் படமா புடிச்சுப் புடிச்சு, எந்தப் பக்கம் நகர்ந்திருக்குதுன்னு பார்க்கும். கண்ணுல சந்தனம் அப்புனா எப்புடிங்க பார்க்கும்?" என்றார். முதலாளியிடம் என்னைக் காப்பாற்றிவிட்டார். ஆனால் ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் அதைச் சொல்லிச் சிரிப்பதை மட்டும் விடவில்லை.

மூன்று ஆண்டுகளுக்கு முன் அவருடைய வலது தோள் இறுகிப்போனது. மௌஸைத் தள்ளவே கை வரவில்லை. வேலையை விட்டுவிடச் சொன்னார்கள் வீட்டில். "வரையாம ஊட்ல உக்காந்து நான் என்ன பண்றதுங்க?" என்று கேட்டபோது அவர் குரல் உடைந்தது. அப்படி அவர் பேசிக் கேட்டது அந்த ஒரு முறைதான்.

பத்து நாள் கழித்து, உருண்டை மேலே தெரியும் மௌஸ் ஒன்றோடு வந்தார். அது வைத்த இடத்திலேயே இருக்கும். கட்டைவிரலால் உருண்டையை உருட்டினால் அம்பு போகும், தோளுக்கு வேலையில்லை. அதில் அவர் வரைந்த முதல் மயில் கோழி மாதிரி இருந்தது. "நாமக்கல் கோழிப்பண்ணைக்கு அனுப்பிரலாங்களாண்ணா?" என்றேன். விழுந்து விழுந்து சிரித்தார். ஒரே மாதத்தில் பழைய நேர்த்தி திரும்பிவிட்டது. கடைசி மாலை வரை வரைந்துகொண்டிருந்தார் என்பதில் எனக்குப் பெரிய நிம்மதி.

காரியம் முடிந்த மறுநாள் அவருடைய நாற்காலியில் உட்கார்ந்தேன். மயில் தறிக்குப் போக வேண்டும். என் மௌஸிலேயே முடித்திருக்கலாம், மனம் ஒப்பவில்லை. பழக்கத்தில் அவருடையதைப் பிடித்துத் தள்ளினேன். அம்பு அசையவில்லை. சிரிப்பு வந்தது, கண்ணும் நிறைந்தது. கட்டைவிரலை உருண்டையின் மேல் வைத்தேன். முதல் இறகு கோணல்தான். தோகை முழுதாக விரிய மூன்று நாளாயிற்று.

அண்ணா, உங்கள் மயில் தறியேறிவிட்டது. கோழி மாதிரி இல்லை. நிம்மதியாகப் போய் வாருங்கள்.