குடுமிச் சேவலின் கடைசி ஒன்பது முட்டைகள்

என் சித்தப்பா போலீஸ் ஆகாமல் போனதற்கு நான் காரணமில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இன்றைக்கும் எங்கள் வீட்டில் கல்யாணம் காட்சி என்று நாலு பேர் கூடினால் யாராவது அந்தப் பேச்சை எடுப்பார்கள். உடனே எல்லோரும் என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள். நானும் சேர்ந்து சிரித்துத் தொலைப்பேன். நாலாம் வகுப்புப் படிக்கிற ஒரு பிள்ளை ஒரு மனிதரைப் போலீஸ் ஆக்குவதற்கு என்னவெல்லாம் செய்ய முடியுமோ, அதற்கு மேலேயே நான் செய்தேன்.

சூலூரிலிருந்து கொஞ்சம் உள்ளே, வாய்க்கால் ஓரத்தில் எங்கள் தோட்டம். ஆறு வெள்ளாடுகள், இருபது இருபத்தைந்து நாட்டுக்கோழிகள். அப்பா விடிந்ததும் விசைத்தறிக்குப் போய்விடுவார். அதன் பிறகு அங்கே அம்மாவின் ராஜ்ஜியம்தான். ஆடுகள் சித்தப்பாவின் பொறுப்பு. பட்டியைக் கூட்டுவார், சோளத்தட்டு போடுவார், தழை ஒடித்துக் கட்டுவார். கோழிகள் என் பொறுப்பு. காலையில் கூடையைத் தூக்கித் திறந்துவிட வேண்டும், பொழுது சாயும்போது எண்ணி அடைக்க வேண்டும். விமானப்படை விமானம் தலைக்கு மேல் உறுமிக்கொண்டு போனால் கோழிகளெல்லாம் பருந்து என்று நினைத்து ஆடுகளின் வயிற்றுக்கடியில் ஓடி ஒளிந்துகொள்ளும்.

குடுமிச் சேவல் மட்டும் ஓடாது. நிமிர்ந்து நின்று விமானத்துக்குப் பதில் கூவும். கொண்டைக்குப் பின்னால் கொத்தாக ஒரு குடுமி, மஞ்சள் அரைத்துப் பூசியது போலக் கழுத்து. அது கூவுவதும் மற்றச் சேவல்களைப் போல இருக்காது. 'கொக்கரக்' என்று தொடங்கி, அப்படியே நின்றுவிடும். பனிக்காலத்தில் மொபெட்டை உதைத்து உதைத்துப் பார்க்கிற மாதிரி கொஞ்ச நேரம் கழித்துத்தான் 'கோ' வரும். அந்த இடைவெளியில் அம்மா கையிலிருக்கும் வேலையை நிறுத்திக் காத்திருப்பார். 'கோ' வந்த பிறகுதான் மறுபடியும் கை ஓடும். என்னையோ என் அப்பாவையோ அம்மா அவ்வளவு ரசித்ததில்லை.

அந்தச் சேவலை ஒரு நாள் வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்து வீட்டு நாய் கடித்துப் போட்டுவிட்டது. அந்த வீட்டு அக்கா ஓடிவந்து நாயைக் கட்டிப் பிடித்து இழுத்துக்கொண்டு அழுதார். அவருடைய அப்பாவோ, கோழி என்றால் நாய் பிடிக்கத்தானே செய்யும் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டார். போதாதா? அம்மா வாய்க்கால் மேட்டில் நின்று அரை மணி நேரம் பேசினார். இனி அந்த வீட்டு மண்ணை மிதிக்க மாட்டேன், அந்தத் திசையில் திரும்பியும் பார்க்க மாட்டேன் என்று சபதம் போட்டுவிட்டுத் திரும்பி வந்து சேவலைப் புதைத்தார். எங்கள் வீட்டில் கோழியைப் புதைத்தது அந்த ஒரு முறைதான்.

சேவல் போன பிறகும் அதனோடு திரிந்த பெட்டைகள் ஒரு வாரம் முட்டையிட்டன. அந்த முட்டைகளில் நல்லதாக ஒன்பதைப் பொறுக்கி, ஒற்றைப்படைதான் ராசி என்று, அம்மா கறுப்புக் கோழிக்கு அவயம் வைத்தார். அடைகாக்கிற கூடையில் வைக்கோல் பரப்பி, இடிச் சத்தத்தில் முட்டை கெட்டுவிடாமல் இருக்க ஓர் இரும்புத் துண்டு, ஒரு கரித்துண்டு, இரண்டு வரமிளகாய் எல்லாம் வைத்தாயிற்று.

"இந்த ஒம்பதுல ஒண்ணாச்சும் குடுமியோட வரும் பாரு" என்றார் அம்மா. அந்த ஒன்று வராவிட்டால் அந்தச் சேவலின் வம்சமே இல்லை. அது எனக்கும் தெரியும். தெரிந்துதான் செய்தேன்.

மறுநாள் சாயங்காலம் சித்தப்பா என்னை ஆட்டுப்பட்டிக்குள் கூப்பிட்டார். அப்போது அவர் போலீஸ் செலக்‌ஷனுக்குத் தயாராகிக்கொண்டிருந்தார். ஓட்டம், கயிறு ஏறுவது எல்லாம் வந்துவிட்டதாம். நெஞ்சுதான் விரிய மாட்டேன் என்கிறதாம். தினம் ஒரு பச்சை முட்டை குடித்தால் விரியும், ஆனால் சாதாரண முட்டைக்கு விரியாது, குடுமிச் சேவலின் முட்டைதான் வேண்டும் என்றார்.

"அம்மணி, நான் இன்ஸ்பெக்டர் ஆகிப்போட்டன்னா உன்னைய தெனமும் ஜீப்புலதான் ஸ்கூலுக்குக் கூட்டிட்டுப் போவேன். சைரன் போட்டுக்கிட்டு."

சைரன் என்றதும் நான் விழுந்துவிட்டேன். இருந்தாலும் எனக்கு ஒரு சந்தேகம். முட்டை குறைந்தால் அம்மா எண்ணிக் கண்டுபிடித்துவிடுவாரே? அதற்கும் சித்தப்பா வழி வைத்திருந்தார். எங்கள் பள்ளியில் சத்துணவோடு தினமும் ஓர் அவித்த முட்டை தருவார்கள். ஓட்டோடு கையில் கொடுத்துவிடுவார்கள். உரித்துத் தின்பது நம் பொறுப்பு. அந்த முட்டையைத் தின்னாமல் கொண்டுவந்து கூடையில் வைத்துவிட்டு, கோழியின் முட்டையை எடுத்துவிட வேண்டும். ஒன்றுக்கு ஒன்று. கணக்கு உதைக்காது.

நிறம்தான் உதைத்தது. பள்ளி முட்டை சுண்ணாம்பு வெள்ளை. போதாததற்கு அதன் மேல் நீல மசியில் வட்டமாக ஒரு முத்திரை வேறு. சித்தப்பா தூக்குப் போசியில் டீ டிகாக்‌ஷன் கொண்டுவந்து முட்டையை ஊறவைத்தார். முத்திரைமேல் மட்டும் இரண்டு தடவை கூடுதலாகத் தடவினார். காய்ந்த பிறகு பார்த்தால் அசல் நாட்டுக்கோழி முட்டை தோற்றது. மிச்ச டிகாக்‌ஷனை ஓர் ஆட்டுக்குட்டி குடித்துவிட்டு அன்றைக்கு முழுக்கச் சுவரில் ஏறிக் குதித்தது. அம்மா அதற்கு ஏதோ சீக்கு என்று வேப்பிலை அரைத்து ஊற்றினார்.

கோழிக்கடியில் கைவிட்டு முட்டையை மாற்றியது நான்தான். அடைக்கோழி கொத்துமென்று சித்தப்பா பத்தடி தள்ளி நின்றுகொள்வார். இந்த வீரத்தோடு திருடன் பிடிக்கப் போகிறாரா என்று எனக்கு அப்போதே தோன்றியிருக்க வேண்டும். முட்டையை வாங்கியதும் கைக்குட்டையில் சுற்றி, சூடு ஆறக்கூடாது என்று சட்டைக்குள் நெஞ்சோடு வைத்துக்கொள்வார். பிறகு தலை சீவுவார். முகத்துக்குப் பவுடர் போடுவார். வாய்க்கால் மேட்டுக்குப் போய்த்தான் குடிக்க வேண்டுமாம்.

"முட்டை குடிக்கறதுக்கு எதுக்குங் சித்தப்பா பவுடரு?"

"போலீஸ்னா எந்நேரமும் டிப்டாப்பா இருக்கோணும் கண்ணு."

ஒன்பதையும் ஒரே நாளில் குடித்துவிட்டால் என்ன என்றும் கேட்டேன். எனக்கு என் பள்ளி முட்டையின் கவலை. ஒரு நாளைக்கு ஒன்றுக்கு மேல் உடம்பு தாங்காது என்று சொல்லிவிட்டார். அம்மா போடுகிற ஆம்லெட்டைக் கவுச்சி என்று தள்ளிவைக்கிற மனுஷன் பச்சை முட்டையை எப்படிக் குடிக்கிறார் என்று கேட்டதற்கு, மருந்து என்றால் குடித்துத்தானே ஆகவேண்டும் என்றார். பதில் இல்லாத கேள்வி அவரிடம் ஒன்றுகூட இல்லை.

சனி ஞாயிறு போக ஒன்பது பள்ளி நாட்கள். ஒன்பது நாளும் நான் முட்டையில்லாத சோற்றைத் தின்றேன். அம்மாவின் தையல் மெஷின் டேப்பால் அவர் நெஞ்சை நானே அளந்தேன். முதல் நாள் முப்பத்து மூன்றரை. அவர் வாய்க்கால் மேட்டிலிருந்து சீட்டியடித்துக்கொண்டு திரும்பி வருகிற ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாக ஏறியது. ஒன்பதாம் நாள் சுத்தமாக முப்பத்தைந்து. என் கண்ணால் பார்த்தேன், சத்தியம்.

அதற்குப் பிறகு ஒரு நாள் அம்மா முட்டைகளைச் செல்போன் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அவித்த முட்டைக்குள் வெளிச்சம் எங்கே நுழையும்? "ஒரு பொட்டு வெளிச்சங்கூட உள்ள போவலீங்க. எல்லாம் கெட்டியா கருப் புடிச்சிருக்குது" என்று அப்பாவிடம் பூரித்துப்போய்ச் சொன்னார்.

இருபத்தோராம் நாள் வந்தது. அம்மா விடிவதற்குள் எழுந்து கூடையிடம் உட்கார்ந்துகொண்டார். ஒவ்வொரு முட்டையாக எடுத்துக் காதில் வைத்துக் கேட்டார். ஒரு சத்தமும் இல்லை. மறுநாளும் இல்லை. அதற்கு மறுநாள், வாசம் வரத் தொடங்கியது. எல்லாம் இந்த ஏரோப்ளேன் சத்தத்தால் வந்த வினை, இடிக்கு இரும்பு வைத்தோம், ஏரோப்ளேனுக்கு என்ன வைப்பது என்று அம்மா வானத்தைத் திட்டினார். கடைசியாக ஒரு சோதனை பாக்கி இருந்தது. வெதுவெதுப்பான தண்ணீரில் முட்டையை விட்டால், உள்ளே குஞ்சு உயிரோடு இருந்தால் முட்டை ஆடும்.

முட்டை ஆடவில்லை. தண்ணீர் டீ ஆனது.

வெள்ளை வெளேரென்று முட்டை வெளியே வந்தது. அதன் மேல் நீல வட்டம். அம்மா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஏனுங்க, சித்த இங்க வாங்க."

அப்பா வந்து முட்டையை வாங்கிப் பார்த்தார். "கவர்மெண்ட்டு முட்டையாட்ட இருக்குது" என்றார். எங்கள் வீட்டில் கவர்மெண்ட் பள்ளிக்கூடம் போகிற ஆள் நான் ஒருத்திதான். இரண்டு பேரும் என் பக்கம் திரும்பினார்கள். ஒரு அடிகூட விழவில்லை. அதற்குள் சைரன் வரைக்கும் சொல்லி முடித்துவிட்டேன்.

சித்தப்பாவைக் கூப்பிட்டார்கள். வந்தார். தலையைக் குனிந்தபடி ஒன்பதையும் குடித்தது தான்தான் என்று ஒப்புக்கொண்டார். அப்பா ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"டேய், பத்து நாளு அடையிருந்த முட்டைடா. உள்ள குஞ்சு கட்டியிருக்குமேடா. அதையுமா குடிச்சே?"

சித்தப்பா எச்சில் விழுங்கினார். "ஆமாங்ணா" என்றார். சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு பட்டிக்குப் பின்னால் ஓடி, குடல் வெளியே வருகிற மாதிரி வாந்தியெடுத்தார். அதைவிட வேறென்ன சாட்சி வேண்டும்? எல்லோரும் நம்பினோம்.

அம்மா யாரையும் திட்டவில்லை. கறுப்புக் கோழியை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். "சேவலும் போச்சு, அதும்பட வம்சமும் போச்சு" என்று சொல்லிக்கொண்டே அதன் இறகைத் தடவினார். அந்தக் கோழி இறக்கிவிட்டதும் நேரே போய் வெறும் வைக்கோலின் மேல் மறுபடியும் உட்கார்ந்துகொண்டது. அதைப் பார்க்கப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. அம்மா நாலு அடி அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று அழுதேன்.

அதன் பிறகு அம்மா சித்தப்பாவிடம் பேசுவதை நிறுத்திவிட்டார். சோறு போடுவார், குழம்பு ஊற்றுவார், பேச்சு மட்டும் கிடையாது. முட்டை அறவே கிடையாது. அது அவருக்குத் தண்டனையே இல்லை என்பது வேறு விஷயம். செலக்‌ஷனுக்கும் அவர் போகவில்லை. அந்த வயிற்றோடு எப்படி ஓடுவது என்று சொல்லிவிட்டுத் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் சேர்ந்துவிட்டார். போலீஸ் ஜீப் போயிற்று. நான் டவுன் பஸ்ஸில் நசுங்கினேன்.

ஆறு மாதம் போனது. சித்தப்பாவுக்குப் பெண் பார்க்கலாம் என்று பேச்சு எடுத்தபோது, வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்து வீட்டு அக்காவைத்தான் கட்டுவேன் என்று நின்றுவிட்டார். "அந்த நாயூட்டுப் பொண்ணையா?" என்றார் அம்மா, சுவரைப் பார்த்து, சித்தப்பாவிடம்தான் பேச்சு இல்லையே. அப்பா போய்ப் பேசி முடித்தார். அம்மா அந்த வீட்டு வாசலை மிதிக்கவே இல்லை. இரண்டு மாதம் கழித்துக் கல்யாணத்தை மண்டபத்தில் வைத்ததால் சபதமும் பிழைத்தது. அம்மா ஒரு ஓரத்தில் பட்டுப்புடவையும் உம்மென்ற முகமுமாக உட்கார்ந்திருந்தார்.

அன்று சாயங்காலம் புதுப்பெண் எங்கள் வீட்டுக்கு வந்தபோது, சீர்ச் சாமான்களோடு துணி போட்டு மூடிய கூடை ஒன்றும் வந்தது. அம்மா ஆரத்தித் தட்டோடு வாசலுக்கு வந்தார். முகத்தில் இன்னும் சிரிப்பு இல்லை. அப்போது பார்த்து மேலே ஒரு விமானம் போனது. கூடைக்குள்ளிருந்து ஒரு சத்தம்.

"கொக்கரக்..."

அம்மாவின் கை நின்றது. வாசலில் இருந்தவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை. நானும் அம்மாவும் மட்டும் அந்தக் 'கோ'வுக்குக் காத்திருந்தோம்.

"...கோ."

அம்மா ஆரத்தித் தட்டை என் கையில் திணித்துவிட்டுத் துணியை விலக்கினார். மஞ்சள் கழுத்து. கொத்தாகக் குடுமி. அதைத் தூக்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சித்தப்பாவைப் பார்த்தார். மாலையும் கழுத்துமாக நின்ற சித்தப்பா வீட்டுக் கூரையின் ஓடுகளை எண்ணிக்கொண்டிருந்தார்.

"ஏன் அம்மணி, எத்தனை பொரிச்சுது?" என்று புதுச் சித்தியிடம் கேட்டார் அம்மா.

"ஒம்பதுக்கு எட்டுங்க அக்கா" என்றார் சித்தி, தலையைக் குனிந்துகொண்டே. "எங்க நாயி புடிச்சதுக்கு, என்ற கையால வளத்து ஒண்ணு உங்களுக்குத் தரோணும்னு சொன்னனுங்க. அவிய எடுத்துட்டு வந்து குடுத்தாங்க."

அம்மா எட்டு மாதத்துக்குப் பிறகு சித்தப்பாவிடம் பேசினார். "அட பாவி! என்ற கோழிய இருபத்திமூணு நாளு அவிச்ச முட்டை மேல உக்கார வெச்சயே, நீ நல்லா இருப்பியா!" என்றார். சொல்லி முடிப்பதற்குள் சிரிப்பு வந்துவிட்டது. சிரிக்கச் சிரிக்கக் கண்ணில் தண்ணீர் கொட்டியது. சேவலின் குடுமியாலேயே துடைத்துக்கொண்டார். "உள்ள வா கண்ணு. அந்த நாயை மட்டும் கூட்டிட்டு வந்துபோடாத" என்று சித்தியின் கையைப் பிடித்து அழைத்துப் போனார்.

எல்லோரும் சிரித்தபடி உள்ளே போய்விட்டார்கள். நான் மட்டும் ஆரத்தித் தட்டோடு வாசலில் நின்று கணக்குப் போட்டேன். போனது ஒன்பது. பொரித்தது எட்டு. அப்படியென்றால் சித்தப்பா குடித்தது ஒன்றே ஒன்று. அந்த ஒரு முட்டைக்கா நெஞ்சு ஒன்றரை அங்குலம் விரிந்தது? எவ்வளவு யோசித்தும் எனக்கு விளங்கவில்லை.

திங்கட்கிழமை தையல் டேப்பைப் புத்தகப் பைக்குள் வைத்துப் பள்ளிக்கு எடுத்துப் போனேன். சத்துணவு முட்டையைத் தின்பதற்கு முன்னால் என் நெஞ்சை அளந்தேன். தின்றுவிட்டு அளந்தேன். வாய்க்கால் மேட்டுக்குப் போய் நின்று மறுபடியும் அளந்தேன். ஒரு நூல்கூட விரியவில்லை.