மச்சானின் இரண்டு கோடுகள்

தார் ரோட்டில் இரண்டு கறுப்புக் கோடுகள். என் நிம்மதி போனது அவற்றால்தான். இரத்தோட்டைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்துப் பாதையைச் சில ஞாயிற்றுக்கிழமைகளில் அடைத்துவிட்டு, எங்களைப் போன்ற பொழுதுபோக்குக்காரர்கள் ஒவ்வொருவராகப் பழைய கார்களை மேட்டில் விரட்டி நேரம் பார்ப்போம். இரண்டாம் வளைவிலிருந்து மச்சானின் கார் வெளியேறிய இடத்தில், முன்சில்லுகள் இரண்டும் சேர்ந்து உழைத்த தடம் கிடந்தது. பக்கத்திலேயே என் தடம்: ஒற்றைக் கோடு. உள்பக்கத்துச் சில்லு மட்டும் வீணாகச் சுற்றிப் புகைவிட்டிருந்தது. எல்லோரும் பந்தயம் பார்த்தார்கள். நான் குனிந்து நின்று ரோட்டைப் பார்த்துப் பொருமினேன்.

மச்சான் என் மனைவியின் தம்பி. பந்தயத்தில் பல வருடங்களாக எனக்குப் பின்னால் வந்தவன். அந்த இடத்தில் இருந்தவரை அவனை எனக்கு மிகவும் பிடித்திருந்தது. அன்று நான்கு விநாடி வித்தியாசத்தில் என்னை முந்தினான். என் மனைவிக்கு யாருக்குக் கைதட்டுவது என்ற குழப்பமே வரவில்லை. "தம்பி கார்ல என்னமோ புதுசா போட்டிருக்கானாம்ங்க" என்றாள், பெருமை வழிய.

போட்டிருந்தது லிமிட்டட் ஸ்லிப் டிஃபரென்ஷல். சாதாரண டிஃபரென்ஷல் வழுக்குகிற சில்லையே சுற்றவிட்டு, தரையைப் பிடித்திருக்கும் சில்லைச் சும்மா வைத்திருக்கும். இது இரண்டிடமும் வேலை வாங்கும். மறுநாள் காலையிலேயே என் மிளகுக் கடையைப் பூட்டிவிட்டு மாத்தளை டவுனில் இருக்கும் எங்கள் பாஸிடம் போனேன். பாஸ் என்றால் மெக்கானிக். என்னைவிடப் பத்து வயது இளையவர், சிரிப்பதற்கு வரி கட்ட வேண்டும் என்று நினைப்பவர்.

"ரெண்டு வகை ஈக்குது அண்ணே," என்றார். "உங்க மச்சானுக்குப் போட்டது கியர் டைப். மெதுவா பிடிக்கும், ஸ்டியரிங்க இழுக்காது. ஆனா ஒரு சில்லு அந்தரத்துல தூக்கிட்டா அது சும்மா. பிளேட் டைப்னா தூக்கினாலும் விடாது. ஆனா முன்சில்லு ஓடுற கார்ல ஸ்டியரிங்க கையிலேருந்து பிடுங்கும். உங்க சில்லு தூக்குதா, சொல்லுங்க."

என் சில்லு பிறந்ததிலிருந்து தரையை விட்டதில்லை. ஆனால் கியர் டைப் போட்டால் நான் மச்சானின் நகல். பிளேட் டைப் அவனிடம் இல்லை.

"ஒரு சாண் தூக்குது பாஸ்" என்றேன்.

பாஸ் யார் வாயையும் நம்பி கியர்பெட்டியைத் திறப்பதில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு, வெறுங்காலைத் தரைத்தகட்டில் ஊன்றி, கண்ணை மூடி பக்கத்து ஸீட்டில் உட்கார்ந்துகொள்வார். நாம் ஓட்ட வேண்டும், பேசக் கூடாது. வெற்று மைதானத்தில் இரண்டு சுற்று ஓட்டினேன். மூன்றாவது சுற்றில், ஓரத்தில் இருந்த மண்மேட்டில் வேண்டுமென்றே ஏற்றினேன். சில்லு தூக்கியது. பாஸ் ஒரு கண்ணை மட்டும் திறந்தார்.

"அண்ணே, சில்லு தூக்கல. நீங்க தூக்கினீங்க."

"பாஸ், பிளேட் டைப்தான் வேணும்."

"உங்க காரு, உங்க கை" என்று இறங்கிவிட்டார். போட்டுக் கொடுத்த பிறகு, பிளேட் படிய மைதானத்தில் மெதுவாக எட்டுப் போட்டுப் போட்டு ஓட்டச் சொன்னார். ஓட்டினேன். தோள் இரண்டும் கழன்றுவிடும் போலிருந்தது. தைலம் தேய்த்துவிட்ட மனைவியிடம் மிளகு மூட்டை தூக்கியதாகச் சொன்னேன்.

அடுத்த பந்தயத்தில் எனக்கு அடுத்த முறை மச்சானுடையது. இரண்டாம் வளைவில், கீழே ஆரம்பக் கோட்டிலிருந்து அவன் பார்க்க வேண்டும் என்றே, எப்போதையும்விட முன்னதாக ஆக்ஸிலேட்டரை மிதித்தேன். ஸ்டியரிங் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ரோடு சரிந்த பக்கமாகத் தானே திரும்பியது. காலை எடுத்திருக்க வேண்டும். நான் கண்ணை மூடிக்கொண்டேன். "மாரியம்மா" என்று நான் போட்ட சத்தம் எஞ்சினைத் தாண்டிக் கேட்டதாம். கண்ணைத் திறந்தபோது கார் ரோட்டோரத் தண்ணீர்க் கானுக்குள் இருந்தது. கண்ணாடி முழுக்கத் தேயிலைக் கொழுந்து.

முதலில் வந்து சேர்ந்தது மச்சான். ஆரம்பக் கோட்டில் காரை அப்படியே விட்டுவிட்டு, ஹெல்மெட்டோடு மேட்டில் ஓடி வந்திருக்கிறான்.

"அத்தான்! கால அசைங்க! கால அசைங்க பாப்போம்!"

"நீ இன்னும் ஓட்டலியா?" என்றேன். உயிர் பிழைத்தவன் கேட்ட முதல் கேள்வி அது.

கீழே ஒலிபெருக்கி அவன் இலக்கத்தை இரண்டாம் தடவையாகக் கூப்பிட்டது. மூன்றாம் தடவைக்குள் போகாவிட்டால் முறை போய்விடும்.

"கூப்பிடட்டும்" என்றான். என் பெல்ட்டை அவிழ்த்தான். மூன்றாம் தடவையும் கூப்பிட்டார்கள். அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. என் மனைவி மூச்சிரைக்க வந்தாள். என் கை கால் எல்லாம் எண்ணிப் பார்த்துவிட்டு, "இந்த மேட்ல இப்பிடி ஓடி வந்தியேடா, நெஞ்சு வலிக்குதா?" என்று தம்பியின் முதுகைத் தடவினாள்.

இப்போது என் காரிலும் கியர் டைப்தான். போன மாதம் அவனை அரை விநாடியில் முந்தினேன். யாரும் அதைப் பேசவில்லை. அத்தானுக்காக முறையை விட்டுவிட்டு ஓடி வந்த கதையைத்தான் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அதனால், மச்சான் புறப்படும்போதெல்லாம் நான் சப்பாத்துக் கயிற்றை இறுக்கிக் கட்டிக்கொண்டு இரண்டாம் வளைவுக்குப் பக்கத்தில் ஓடத் தயாராக நிற்கிறேன். கார் வளைவுக்குள் நுழையும்போது எனக்கு மூச்சு நின்றுவிடுகிறது. பாவி, ஒரு தடவைகூட விழ மாட்டேன் என்கிறான்.