கப்பல் டிக்கெட் கிடைக்கவில்லை

மலையாளப் படத்தை இந்தியில் விளங்கிக்கொண்டு தமிழில் கைதட்டுவோம். போர்ட் பிளேரில் அப்படித்தான். எனக்கு மலையாளம் பாதி புரியும். மீதியைப் பக்கத்துச் சீட்டிலிருந்து ஷாஜி இந்தியில் சொல்வான். ஷாஜி கொல்லத்துக்காரன். மரைன் ஹில் இறக்கத்தில் ஒரு வெல்டிங் பட்டறையில் நானும் அவனும் வேலை பார்க்கிறோம். எங்களுக்குப் பின்னால் பெங்காலிகள் இருப்பார்கள். அவர்களில் ஒருவன் கேட்டு மற்றவர்களுக்குச் சொல்வான். ஊரில் தியேட்டரில் யாராவது பேசினால் அதட்டுவார்கள். இங்கே யாரும் பேசாவிட்டால் பாதிப் பேருக்குப் படம் விளங்காது. வந்த புதிதில் எனக்கு இது சிரிப்பாக இருந்தது. இப்போது ஊருக்குப் போய்ப் படம் பார்த்தால் காதருகே யாரும் பேசாதது என்னவோ போல் இருக்கிறது.

அன்றைக்குப் பார்த்தது அடிதடிப் படம். ஊரெல்லாம் அதே பேச்சாகக் கிடந்தது. குடும்பக் கதை, பழிவாங்கும் கதை. வெளிநாட்டில் லாரி ஓட்டுகிறவன் கதாநாயகன். ஊரில் அவன் அப்பாவை நடுத்தெருவில் வைத்து அடித்துவிடுகிறார்கள். அவன் விமானம் ஏறி வந்து ஒவ்வொருவனையும் தேடிப் பிடிக்கிறான். அவனுக்கு உடனே டிக்கெட் கிடைத்துவிட்டது. படம்தானே.

ஞாயிற்றுக்கிழமை, காலைக் காட்சி. அதே நேரத்தில் பரமக்குடிப் பக்கம் எங்கள் ஊரில் என் அக்கா மகள் கார்த்திகாவுக்குக் கல்யாணம். நான் அவளுக்கு ஒரே தாய்மாமன்.

எங்கள் பக்கத்தில் தாலி கட்டுவதற்கு முன்னால் தாய்மாமன் மேடையேறி பெண்ணின் நெற்றியில் பட்டம் கட்ட வேண்டும். தங்கநிறத் தகடு, இரண்டு பக்கமும் நூல். கட்ட ஒரு நிமிஷம் ஆகாது. ஆனால் அந்த ஒரு நிமிஷத்தைச் சபையே பார்க்கும். மாமன் இல்லாவிட்டால் ஏன் இல்லை என்று கேட்கும். கேட்கட்டும் என்றுதான் நான் போகவில்லை.

காரணம் அக்கா வீட்டுக்காரர். பல வருஷத்துக்கு முன்னால் எங்கள் குலசாமி கோயிலில் கிடா வெட்டு. பந்தியில் மருமகனுக்கு முதல் இலை போடவில்லை என்று மச்சானுக்குக் கோபம். குடித்திருந்தார். சமாதானம் பேசப் போன அப்பாவை நெஞ்சில் கைவைத்துத் தள்ளிவிட்டார். அப்பா குழம்பு அண்டாமேல் விழுந்தார். வலது கை முழங்கைவரை வெந்துபோனது. நான் அதைப் பார்க்கவில்லை. இங்கே இருந்தேன். போனில் சொன்னார்கள். அந்த ஆள் நிற்கிற மேடையில் ஏறமாட்டேன் என்று போனிலேயே சொன்னேன்.

அதற்குப் பிறகு ஊரில் என்னென்னவோ நடந்தது. மச்சான் குடியை விட்டார். அப்பாவே அவர் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டார். அப்பா படுக்கையில் விழுந்தபோது தூக்கிக் குளிப்பாட்டியவரும் மச்சான்தான் என்று அக்கா சொன்னாள். ஊரில் இருந்தவர்களுக்கு எல்லாம் ஆறிவிட்டது. எனக்கு ஆறவில்லை. தூரத்தில் இருப்பவனுக்கு ஊர் அவன் கடைசியாகக் கேட்ட சேதியிலேயே நின்றுவிடுகிறது. என் ஊரில் அப்பா இன்னும் அண்டாமேல் விழுந்துகொண்டே இருந்தார். அப்பா சாவுக்குப் போனபோதுகூட மச்சான் முகத்தை நான் பார்க்கவில்லை. குனிந்தபடி போய்க் குனிந்தபடி வந்தேன்.

கார்த்திகா போன் செய்து கூப்பிட்டாள்.

“மாமா, பட்டம் நீங்கதான் கட்டணும். வேற யாரு கட்டுனாலும் அவுத்துப் போட்டுருவேன், பாத்துக்கங்க.”

“பாக்குறேன்மா.”

“பாக்குறதெல்லாம் இல்ல. அப்பா உங்களுக்கு வேட்டி சட்டை எடுத்து வச்சிருக்காரு.”

அந்தக் கடைசிப் பேச்சுதான் என்னைக் கிளப்பிவிட்டது. அவர் எடுத்த வேட்டியை நான் கட்டுவதா? ஒரு வாரம் கழித்து அக்காவுக்குப் போன் போட்டு, கப்பல் டிக்கெட் கிடைக்கவில்லை என்றேன். என்னைப் போல் இங்கே இருப்பவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. நமக்கு இது ஒரு வசதி. கப்பல் டிக்கெட் கிடைக்கவில்லை என்றால் மெயின்லேண்டில் யாரும் மேற்கொண்டு கேட்கமாட்டார்கள். கடலை யார் குறை சொல்ல முடியும்? நான் கவுண்டர் பக்கமே போகவில்லை.

என் மனைவி வள்ளி புதுச்சேலை எடுத்து வைத்திருந்தாள். அதை மடித்து உள்ளே வைத்தாள். “நீங்க இல்லாம நான் மட்டும் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுப் போறது?” என்று கேட்டதோடு சரி. ஞாயிறு காலையில் அவள் முகத்துக்கு முன்னால் உட்கார்ந்திருக்க முடியாமல்தான் படத்துக்குப் போனேன்.

படத்தில் கதாநாயகன் கதவை உடைத்துக்கொண்டு உள்ளே போகிறான். ஒரே விசில். என் சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தேன். கார்த்திகா. வீடியோ கால். வெட்டிவிட்டேன். திரும்ப அடித்தது. திரும்ப வெட்டினேன். மூன்றாவது தடவை போனையே அணைத்துவிட்டேன். திரையில் அடி விழுந்தது. நானும் கைதட்டினேன். சத்தமாகவே தட்டினேன்.

இடைவேளையில் டீக்கடையில் நின்றபோது ஷாஜிதான் ஆரம்பித்தான். தியேட்டரில் யார் யாருக்குப் பகை இருக்கிறது என்று தோண்டுவது அவனுக்குப் பொழுதுபோக்கு.

“தேரா பி கோயி துஷ்மன் ஹை க்யா?” உனக்கும் எதிரி இருக்கிறானா என்கிறான்.

இருக்கிறான் என்றேன். எங்கள் அப்பா கையை வேக வைத்தவன் என்றேன். ஷாஜி டீயைக் கீழே வைத்தான்.

“அரே! ஃபிர்? க்யா கியா தூனே?” அப்புறம் நீ என்ன செய்தாய் என்கிறான்.

“அவன் மகள் கல்யாணத்துக்குப் போகவில்லை. இன்றைக்குத்தான்.” இந்தியில் சொன்னேன்.

மீதியும் வரும் என்று ஷாஜி காத்திருந்தான். அவ்வளவுதான் என்று தெரிந்ததும் சிரித்துவிட்டான். “பஸ்? ஷாதி மே நஹி கயா? யே கைசா பத்லா ஹை, பாய்?” கல்யாணத்துக்குப் போகாததெல்லாம் ஒரு பழியா, அவனுக்கு ஒரு சாப்பாடு மிச்சம் என்றான்.

அவனுக்கு விளங்கவில்லை. எனக்குச் சுருக்கென்றது. என் பழி சின்னது என்று அவன் நினைத்துவிடக் கூடாதே என்று தாய்மாமன் என்றால் என்ன, பட்டம் என்றால் என்ன என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். மாமன் வராவிட்டால் பெண் எல்லார் முன்னாலும் வெறும் நெற்றியோடு உட்கார்ந்திருப்பாள். ஆட்கள் குசுகுசுவென்று பேசுவார்கள். யாரோ ஒருவனைப் பிடித்து மேடையேற்றுவார்கள். அவள் தலைகுனிந்திருப்பாள். அதுதான் அடி என்றேன். அது எப்பேர்ப்பட்ட அடி தெரியுமா என்றும் கேட்டேன்.

ஷாஜி சிரிக்கவில்லை. இந்தியையும் விட்டுவிட்டான்.

“அதினு ஆ குட்டி எந்து செய்து?”

அதற்கு அந்தப் பிள்ளை என்ன செய்தது என்று கேட்கிறான். மணி அடித்தது. அவன் உள்ளே போனான். நானும் போய் உட்கார்ந்தேன். படம் எப்படி முடிந்தது என்று எனக்குத் தெரியாது.

வீட்டுக்கு வந்தபோது வள்ளி வாசலில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை.

“படத்துல யாரு செத்தா?”

நான் செருப்பைக் கழற்றினேன்.

“மேடையில கல்யாணத்த நிப்பாட்டி வச்சிருந்தாங்களாம். மாமா போன்லயாவது நிக்கட்டும், அதுக்கப்புறம் பட்டம் கட்டுங்கன்னு அந்தப் புள்ள புடிவாதமா உக்காந்திருந்துச்சாம். ஐயரு கத்தியிருக்காரு. நீங்க எடுக்கலன்னு எனக்கு அடிச்சாங்க. நான் என்னத்தச் சொல்ல? தூங்குறாருன்னு சொல்லவா?”

“யாரு கட்டுனா?”

“யாரோ. உங்க பெரியப்பா மகன். கேக்குறாரு பாரு, யாரு கட்டுனான்னு.”

சாயங்காலம் அக்காவுக்குப் போன் போட்டேன். கார்த்திகா புருஷன் வீட்டுக்குப் போய்விட்டாள். அக்கா திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் தேவலை.

“சாப்டியாடா?”

“ம்.”

“ஒண்ணும் நெனச்சுக்காத. கப்பல் டிக்கெட் கெடைக்கலன்னு எல்லார்கிட்டயும் உங்க மச்சான்தான் சொல்லிக்கிட்டு இருந்தாரு. யாரும் உன்னய ஒரு சொல்லு சொல்லல. அந்தமான்ல இருந்து வர்றதுன்னா சும்மாவான்னு ஒவ்வொரு ஆளாப் போயிச் சொன்னாரு.”

நான் சொன்ன பொய்யை அவர் எனக்காகப் பந்தி பந்தியாகக் கொண்டுபோயிருக்கிறார். அவருக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? சரி அக்கா என்று வைத்துவிட்டேன். பிறகு கார்த்திகாவுக்கு அடித்தேன். எடுத்தாள். “மாமா, சிக்னல் இல்லையா?” என்றாள். ஆமாம்மா என்றேன். அங்கேயும் ஒரு பொய். அவள்தான் எடுத்துக் கொடுத்தாள். நான் வாங்கிக்கொண்டேன்.

நாலைந்து நாள் கழித்துக் கல்யாணப் படங்கள் வந்தன. பட்டறையில் கையுறையைக் கழற்றிவிட்டுப் பார்த்தேன். ஷாஜி எட்டிப் பார்த்தான். பட்டம் கட்டும் படத்தில் பெரியப்பா மகன் குனிந்து நூலை முடிகிறான். கார்த்திகா அவனைப் பார்க்கவில்லை. அவள் பார்க்கிற பக்கம் மச்சான் நிற்கிறார். தலை நரைத்துவிட்டது. தாய்மாமன் நிற்கிற இடத்தைத் தொடாமல் ஓர் அடி தள்ளி நின்றுகொண்டு, இரண்டு கையாலும் கார்த்திகாவின் போனை அந்த இடத்துக்கு நேராக நீட்டிப் பிடித்திருக்கிறார். மகள் முகத்துக்கு நேராக.

நான் வெட்டிவிட்ட பிறகும் அவர் கையை இறக்கவில்லை.

படத்தை விரலால் பெரிதாக்கினேன். போன் திரை கறுப்பாக இருக்கிறது. அந்தக் கறுப்பில் மேடை விளக்கு ஒன்று சின்னதாகத் தெரிகிறது. வேறொன்றும் இல்லை. அக்கா வீட்டுச் சுவரில் அந்தப் படத்தைத்தான் மாட்டப் போகிறார்களாம். வருகிறவர்கள் இது யார், அது யார் என்று கேட்பார்கள். அந்தக் கறுப்பைக் காட்டி, இது அந்தமான் மாமா, கப்பல் டிக்கெட் கிடைக்கவில்லை என்று மச்சான் சொல்லுவார்.