உதயனின் குரக்கன்

பாரிஸில், லா சப்பலில் பலசரக்குக் கடையொன்றில் மூட்டை இறக்கும் தவரத்தினத்தைத் தெரியாதவர்கள் குறைவு. பிடிவாதக்காரர், ஓம். கெட்ட மனிதர் என்று யாராவது சொன்னால் அது சுத்தப் பொய்.

வன்னியில் சண்டை முடிந்து, முகாமில் கிடந்து, 2010 கடைசியில்தான் அவருடைய தங்கை தாட்சாயினி பாரிஸ் வந்து சேர்ந்தாள். கொண்டுவந்தது ஒரு சின்னத் துணி முடிச்சு. அதற்குள் குரக்கன், கேழ்வரகு என்பார்களே, அது. அவளுடைய புருஷன் உதயன் கடைசியாக விதைத்து அறுத்தது. மனிதர் 2009இல் காணாமற்போனவர். இருக்கிறார் என்றும் செய்தியில்லை, இல்லையென்றும் செய்தியில்லை. தாட்சாயினி பொட்டை அழிக்கவில்லை. அவர் வரும் நாளில் அவருடைய குரக்கனிலேயே கூழ் காய்ச்சிக் கொடுக்க வேண்டும் என்று இருந்தாள்.

நகருக்கு வெளியே வில்லியே லே பெல்லில், மாடிக் குடியிருப்புகளுக்குப் பின்னால் தவரத்தினத்துக்கு ஒரு துண்டுத் தோட்டம் இருந்தது. விதை கிழடாகிப் போக முன்னம் அதில் போட்டுப் பெருக்கிவைப்போம் என்றார். அவளும் சம்மதித்தாள்.

அவள் வந்த மறு வருஷம் சித்திரை வெயில் ஆளை ஏமாற்றுகிற வெயில். பக்கத்துத் துண்டுக்காரி ஆலீஸ் என்ற வெள்ளைக்காரக் கிழவி, மே நடுவில் வரும் மூன்று புனிதர்களின் நாட்கள் கழியட்டும், அதுவரை உறைபனி விழும் என்று கையை ஆட்டி ஆட்டிச் சொன்னாள். தவரத்தினம் சிரித்தார். அவரிடம் பஞ்சாங்கம் இருந்தது. வருஷப்பிறப்புக் கழிய நல்ல நாள் ஒன்று பார்த்துத் தங்கையைக் கூட்டிக்கொண்டு ரயிலேறினார்.

பாத்தி கொத்தி, முடிச்சை அவிழ்த்த பிறகு அவள் மெல்லக் கேட்டாள்.

"அண்ணை, பாதியை வைச்சிருப்பம். அந்தக் கிழவி சொல்லுற நாளுக்குப் பிறகு போடலாம்."

"விதைக்கவெண்டு அவிழ்த்த முடிச்சைத் திருப்பிக் கட்டுறேல்லை, பிள்ளை. எங்கடை ஐயா ஒருநாளாவது கட்டினவரோ? கட்டினால் வீட்டுக்கு ஆகாது."

வீட்டுக்கு ஆகாது என்ற பிறகு அவள் என்ன பேசுவாள்? புருஷன் வருவாரென்று காத்திருக்கிறவள். வெறுந்துணியை உதறி மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

பச்சை ஊசி ஊசியாக முளைத்தது. தவரத்தினம் கடையில் எல்லோருக்கும் சொல்லித் திரிந்தார். மே பிறந்த கையோடு ஒரு விடியற்காலை வானம் துடைத்துவிட்டதுபோல் இருந்தது, புல்லில் வெள்ளையாய் உறைபனி. வேலைக்குப் போகும் வழியில் எட்டிப் பார்த்தார். முளையெல்லாம் வெந்நீர் ஊற்றினாற்போல் கருகிச் சரிந்து கிடந்தது. முளைக்காத மணி ஒன்றாவது கிடைக்குமா என்று மண்ணை விரலால் கிண்டினார். கிண்டிக்கொண்டே இருந்தார்.

தாட்சாயினி வந்தாள். பாத்தி ஓரத்தில் குந்தியிருந்தாள்.

"ஒரு பிடிகூட இல்லையே, அண்ணை," என்றாள். அவ்வளவுதான்.

அடுத்த வருஷம் தவரத்தினம் கடையிலிருந்து குரக்கன் எடுத்தார். ஆலீஸ் சொன்ன நாட்கள் கழிந்தபின் பாதியை விதைத்தார். மீதியைத் தன் கையாலேயே முடிச்சாகக் கட்டினார், ஐயாவின் சொல்லை மீறி. அதை இரண்டு கிழமை பிந்தி விதைத்தார். இரண்டுமே விளைந்தன. முதல் கதிர்களைக் கடதாசியில் சுற்றித் தங்கையிடம் கொண்டுபோனார்.

அவள் ஒரு கதிரை எடுத்து உள்ளங்கையில் தேய்த்துப் பார்த்தாள். பிறகு எல்லாவற்றையும் பழையபடி சுற்றினாள்.

"நல்லா விளைஞ்சிருக்கு. நீங்கள் கொண்டுபோய்க் காய்ச்சிக் குடியுங்கோ, அண்ணை. இது அவர் விதைச்ச குரக்கன் இல்லை."