சாமிக்கு வைத்த பூசணிப்பூ

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். வெளிநாடு வந்து, லா சப்பல் கடைத்தெருவில் கோப்பை கழுவத் தொடங்கி, இன்று இரண்டு கடைக்கு முதலாளி. ஐந்தாம் மாடி பல்கனியில் பூசணி காய்க்க வைப்பேன் என்று கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லியிருந்தேன். சொன்னால் செய்கிறவன்.

அந்த உயரத்துக்குத் தேனீ வருவதில்லை. ஆண்பூவைப் பறித்து, பெண்பூவில் நானே தடவ வேண்டும். ஆனால் ஜூலை மாதம் முழுக்க ஆண்பூவாகவே பூத்தது.

"அண்ணை, உங்கட கொடியில ஒரு பொம்பிளையும் இல்லையோ?" என்று கடையில் பகிடி பண்ணினார்கள்.

ஆண்பூ எப்படியும் காய்க்காது, சாமிக்குப் பறித்து வையும் என்று மனைவியிடம் சொன்னதும் நான்தான்.

மாதக் கடைசியில் ஒரு காலை முதல் பெண்பூ விரிந்தது. அதன் அடியில் நெல்லிக்காய் அளவில் ஒரு பிஞ்சு. உடனே ஆண்பூவைத் தேடினேன். அன்று பூத்த ஒன்றே ஒன்றும் முருகன் படத்தில் இருந்தது.

"இஞ்சை, அந்தப் பூவை ஒருக்கா எடுத்துத் தாரும்."

"சாமிக்கு வைச்சதைத் திருப்பி எடுக்கிறதோ? நீங்கள்தானே பறிக்கச் சொன்னியள்."

"அலுவல் முடிய அப்படியே வைச்சுவிடுறன்."

"பாவிச்ச பூவை ஆர் சாமிக்கு வைக்கிறது?"

நானே எடுக்கப் போனேன். படத்துக்கு முன்னால் கை எழவில்லை.

அன்று கடைக்குப் போகவில்லை. பல்கனியில் கதிரை போட்டுப் பெண்பூவின் பக்கத்தில் இருந்தேன். மதியத்துக்கு முன்னமே அது மூடிக்கொண்டது. மூன்றாம் நாள் பிஞ்சு மஞ்சளாகி விழுந்தது.

கடையில் விசாரித்தவர்களிடம், பெண்பூ இன்னும் பூக்கவில்லை என்றேன்.