அக்கா கட்டிய பூப்பொட்டலங்கள்

இந்தியர்களின் அன்றாட பக்தியைப் பற்றிப் புத்தகம் எழுத வந்த வெள்ளைக்காரப் பெண்ணுக்கு ஒரு மாதம் நான்தான் மொழிபெயர்ப்பாளன். கோவில்பட்டியில் ஆங்கில வாத்தியார் என்றால் இந்த வேலையெல்லாம் தலையில் விழும். டீக்கடைக்காரர் முதல் டீயைத் தெருவில் ஊற்றுவது, பஸ் டிரைவர் ஸ்டியரிங்கைத் தொட்டுக் கும்பிடுவது, எதையும் விடாமல் குறிப்பெடுத்தார். மழையில்லாமல் உளுந்து கருகிக் கிடந்த கரிசலைப் பார்த்து, "இந்த மக்கள் எவ்வளவு அமைதியாக ஏற்றுக்கொள்கிறார்கள்" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஏற்காமல் என்ன செய்வார்களாம்?

புதூர்ப் பக்கம் இருக்கும் என் அக்கா வீட்டுக்கும் வந்தார். அக்காவுக்கு மார்பில் கட்டி. உடனே ஆபரேஷன் செய்தால் பிழைக்கலாம் என்று டாக்டர் சொல்லி மூன்று வாரம் ஆகியிருந்தது. அக்கா அசையவில்லை. "ஒங்க அத்தான அறுத்துத்தான மூட்டையா கட்டிக் குடுத்தாவ. என்னையும் கொண்டு போய்ப் போடணுமாலே?" என்பாள். கெஞ்சினேன், கத்தினேன், பேசாமலும் இருந்து பார்த்தேன். கடைசியில், "அம்மன்கிட்ட பூக்கட்டிப் பாப்போம். வெள்ளை வந்தா வாரேன்" என்றாள்.

எங்கள் பக்கம் அப்படித்தான். வெள்ளை அரளியையும் சிவப்பு அரளியையும் தனித்தனியாக இலையில் கட்டி அம்மன் முன்னால் போடுவார்கள். எதில் எது என்று தெரியாத ஒருவர் ஒன்றை எடுக்க வேண்டும். வெள்ளை என்றால் செய்யலாம்; சிவப்பு என்றால் கூடாது. பொட்டலங்களை அக்காவே வீட்டில் கட்டிக் கோயிலுக்குக் கொண்டு வந்தாள். "அந்தப் பிள்ள எடுக்கட்டும். அதுக்குத்தான் சூதுவாது தெரியாது" என்றாள்.

வெள்ளைக்காரப் பெண் கண்ணை மூடிக்கொண்டு எடுத்தார். பிரித்தால் சிவப்பு. அவர் முகம் செத்துவிட்டது. அக்காவோ நிம்மதியாகச் சிரித்தாள். அந்தச் சிரிப்பை அவர் படம் எடுத்துக்கொண்டார்.

இருவரும் வெளியே போன பிறகு மற்றப் பொட்டலத்தைப் பிரித்தேன். அதிலும் சிவப்பு. நிமிர்ந்தால் அக்கா வாசலில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சாமி சொல்லிட்டு. விட்டுருலே."

அப்போதே அவளை இழுத்துக்கொண்டு போயிருக்க வேண்டும். சண்டை போட்டுப் போட்டுச் சலித்திருந்தேன், பாவி. விட்டுவிட்டேன்.

ஒன்றரை வருஷம் ஓடிவிட்டது. கட்டி உடைந்து புண்ணாகிவிட்டது. இனி அறுக்கவும் முடியாது என்கிறார்கள். போன வாரம் அந்தப் பெண்ணிடமிருந்து மின்னஞ்சல். அக்காவின் படம்தான் புத்தகத்தின் அட்டையாம். அப்படியொரு சரணாகதியை எங்கும் பார்த்ததில்லையாம். ஆனால் தான் எடுத்த பூ உறுத்திக்கொண்டே இருக்கிறதாம். அக்கா நலமா?

அக்காவின் கட்டிலருகே உட்கார்ந்து தமிழில் சொன்னேன்.

"நல்லாருக்கேன்னு எழுதுலே. எடுத்த கை என்ன செய்யும், பாவம்."

எழுதி அனுப்பிவிட்டுப் போனை வைத்தேன். அவள் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு கேட்டாள்.

"ஒண்ணாவது வெள்ளை வச்சுக் கட்டிருக்கலாம், என்னலே?"